சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாத மணிக்கட்டு வலி

பந்தைப் பிடிக்கப் பாய்ந்த ஃபீல்டர் உள்ளங்கையை ஊன்றி விழுகிறார். லேசான வீக்கம்தான், விரல்களை மடக்கவும் முடிகிறது. ஸ்ப்ரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்கிறார். சுளுக்கு என்று நினைத்த இந்த அடி, சில நேரம் எலும்பு முறிவாக இருக்கும்.

மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் அதிகம் முறிவது கட்டைவிரல் பக்கமுள்ள ஸ்கேஃபாய்டு. கட்டைவிரலை நன்றாக விரித்து உயர்த்தினால், அதன் அடியில் இரு தசைநாண்களுக்கு நடுவே சிறு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். வலித்தால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் முறிவு இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு கட்டுப் போடுவார். மெல்லிய விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடும். 10 முதல் 14 நாள் கழித்து எடுத்தால் புலப்படலாம். போட்டி நெருங்கும் வீரருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அப்போதே விடை சொல்லிவிடும்.

இத்தனை எச்சரிக்கைக்குக் காரணம் ரத்த ஓட்டம். இந்த எலும்புக்குள் ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமாக நுழைந்து, முழங்கைப் பக்கம் நோக்கிப் பாய்கிறது. இடையில் முறிந்தால் முழங்கைப் பக்கத் துண்டுக்கு வரத்து குறையும். கவனிக்காமல் விட்டால் எலும்பு ஒன்றுசேராமல் போகலாம். துண்டு உயிரிழக்கவும், பிற்காலத்தில் மூட்டு தேயவும் கூடும்.

விலகாத முறிவுக்குப் பொதுவாக 6 முதல் 12 வாரம் மாவுக்கட்டு போதும். 1 மில்லிமீட்டருக்கு மேல் விலகினாலோ, முழங்கைப் பக்க முனையில் முறிந்தாலோ, பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான். அதற்குத் தலையில்லாத திருகைப் பயன்படுத்துகிறார்கள். திமோத்தி ஹெர்பர்ட் உருவாக்கிய இவ்வகைத் திருகு பற்றிய ஆய்வு 1984இல் வெளியானது. திருகு முழுவதும் எலும்புக்குள் புதைந்துவிடுவதால் மூட்டில் உரசாது. நீண்ட நாள் கட்டைத் தவிர்க்க, விலகாத முறிவுக்கும் இதை நாடும் வீரர்கள் உண்டு.

கோல்ஃப், டென்னிஸ், பேஸ்பால் ஆடுவோருக்கு வேறொரு ஆபத்து. மட்டையின் பிடிமுனை உள்ளங்கையில் இடித்து, சுண்டுவிரல் பக்கமுள்ள ஹாமேட் எலும்பின் கொக்கி முறியும். வழக்கமான எக்ஸ்ரேயில் இது சிக்காது, சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். முறிந்த கொக்கியை அகற்றிவிடுவதே விளையாட்டு வீரர்களுக்குப் பெரும்பாலும் செய்யப்படும் சிகிச்சை.

விழுந்த பிறகு மணிக்கட்டு வலி சில நாளில் அடங்காவிட்டால், எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேஃபாய்டு முறிந்தவர்கள் வலி நின்றதும் களமிறங்கிவிடக் கூடாது. எலும்பு கூடியது உறுதியாகி, பிடியின் பலமும் திரும்பிய பிறகே ஆட வேண்டும்.