காண்பவர் கடமை

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள காரைநகரின் கசூரினாக் கடற்கரை, விடுமுறை நாட்களில் மக்களால் நிறைந்திருக்கும். கடல் அங்கு நெடுந்தூரம் ஆழங் குறைந்திருப்பதால் பெற்றோர் தம் பிள்ளைகளை அச்சமின்றி நீரில் இறக்குவர். அக்கரையிற் கச்சான் விற்கும் மூதாட்டி ஒருவர் இருக்கின்றார் எனக் கொள்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நடுத்தர வயதினர் ஒருவர் ஐந்து பிள்ளைகளுடன் ஓட்டோவில் வந்து இறங்குகின்றார். பிள்ளைகள் நீரை நோக்கி ஓடுகின்றனர். அழைத்து வந்தவரோ சவுக்கு மரநிழலிற் படுத்துக் கண்ணயர்ந்துவிடுகின்றார். பிள்ளைகளுள் இளையவனுக்கு நான்கு வயதுக்கு மேலிராது. மூத்தவர்களைப் பின்தொடர்ந்து அவன் தன் மார்பளவு நீருக்குச் சென்றுவிட்டான். கரையிற் பலர் இருக்கின்றனர். பலரும் அதனைக் காண்கின்றனர். எழுந்து சென்றவர் எவருமில்லை.

மூதாட்டியின் உள்ளத்தில் இரண்டு குரல்கள் எழுகின்றன. பிறர் வீட்டுப் பிள்ளை, பிறர் வீட்டுப் பொறுப்பு, இதிற் கச்சான் விற்பவளுக்கு என்ன வேலை என்கின்றது ஒன்று. பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் கண்டுகொண்டிருந்த கண்ணுக்கு என்ன மறுமொழி என்கின்றது மற்றது. இவ்விரு குரல்களுக்கும் நடுவே நின்று தடுமாறாதவர் அரியர். முன்பின் அறியாத ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முறையில் ஐயம் ஏற்பட்டால், எப்போது வாளாவிருக்கலாம், எப்போது நேரிற் பேசவேண்டும், எப்போது அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பன ஆராயத் தக்கன.

முதலில், கரையிலிருந்த பலர் ஏன் எழவில்லை என்பதைக் காண்போம். அவர்கள் அனைவரும் இரக்கமற்றவர் அல்லர். பிப் லட்டானே, ஜோன் டார்லி என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 1968இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். மாணவர்களை ஓர் அறையில் அமர்த்தி வினாத்தாளை நிரப்பச் செய்து, சுவரிலிருந்த துவாரத்தின் வழியே புகையை உள்ளே செலுத்தினர். தனியே இருந்தவருள் நூற்றுக்கு 75 பேர் எழுந்து சென்று அறிவித்தனர். மூவர் சேர்ந்திருந்த குழுக்களிலோ, நூற்றுக்கு 38 குழுக்களிலேயே ஒருவரேனும் அறிவித்தார். புகையைப் பொருட்படுத்தாதிருக்கும்படி முன்னரே சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு அமர்ந்திருந்தவருள் அறிவித்தவர் நூற்றுக்கு 10 பேரே. ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்து, அவர் பதறவில்லை, ஆகவே பதறத் தேவையில்லை என்று முடிவு செய்துகொள்கின்றனர். கூட்டம் பெருகப் பெருகப் பொறுப்பு அதற்கேற்பச் சிதறிப்போகின்றது. பலர் காண்கின்றனர் என்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு ஆகாது.

இதனோடு மற்றொன்றும் அறிதல் வேண்டும். நீரில் மூழ்குபவர் கூக்குரலிட்டுக் கைகளை வீசுவார் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. மூச்செடுப்பதற்கே வாய் போதாதபோது கூவுவதற்கு ஏது வாய்? மூழ்கும் சிறுவன் ஓசையின்றியே மூழ்குகின்றான். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடவும் கூடும். ஆதலால் ஆபத்துக் கண்முன் நிற்கும்போது அறிவிப்பதா, வேண்டாமா என்னும் ஆராய்ச்சிக்கே இடமில்லை. தெருவில் ஓடும் பிள்ளையாயினும், கிணற்றுக்கட்டில் ஏறிய பிள்ளையாயினும், வெயிலிற் பூட்டிய வாகனத்துள் விடப்பட்ட பிள்ளையாயினும், முதலிற் பிள்ளையைக் காத்தல் வேண்டும். ஏனையவற்றைப் பின்னர்ப் பேசலாம்.

மூதாட்டி அவ்வாறே செய்கின்றார். சேலையைச் செருகிக்கொண்டு நீரில் இறங்கிச் சிறுவனைக் கரைக்குக் கொணர்ந்து, உறங்குபவரை மெல்ல எழுப்புகின்றார். “தம்பி, சின்னவன் ஆழத்துக்குப் போட்டான். ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ” என்கின்றார். அவர் திடுக்கிட்டு எழுந்து, நாணத்துடன் நன்றி கூறுகின்றார். அன்றைய நிகழ்ச்சி அவ்வளவில் முடிகின்றது, முடியவும் வேண்டும். களைத்த பெற்றோர் ஒருகணம் கண்ணயர்வது உலகத்தில் இல்லாததன்று. ஒரு தவற்றைக் கொண்டு ஒருவரைக் கொடியவர் என்று தீர்ப்பது நீதியாகாது. ஏசாமல், ஏளனஞ் செய்யாமல், பிள்ளைகளின் முன்னிலையில் அவரைச் சிறுமைப்படுத்தாமற் சொல்லும் ஒரு சொல், பல வேளைகளில் எந்த முறைப்பாட்டைக் காட்டிலும் மிகுந்த பயன் தருகின்றது.

பிறர் பிள்ளை வளர்க்கும் முறையைக் கண்டு அவசரப்பட்டு அறிவிப்பதாலும் தீங்கு விளைந்ததுண்டு. 1997இல் நியூயோர்க் நகரத்தில், டென்மார்க்கிலிருந்து வந்த தாயொருவர், குழந்தையின் தந்தையோடு உணவகமொன்றினுள் அமர்ந்திருந்தார். அவர்தம் 14 மாதக் குழந்தை வெளியே தள்ளுவண்டியில் இருந்தது. அவருடைய நாட்டில் அது நாள்தோறும் காணும் வழக்கம். நியூயோர்க் மக்களுக்கோ அது பெருங்குற்றமாகத் தோன்றிற்று. பொலிசார் அழைக்கப்பட்டனர். பெற்றோர் கைது செய்யப்பட்டனர். குழந்தை சில நாட்கள் வேறோர் இல்லத்தில் வைக்கப்பட்டது. 2014இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், தாயொருவர் தாம் வேலைசெய்யும் நேரத்தில் ஒன்பது வயது மகளைப் பூங்காவில் விளையாட விட்டமைக்காகக் கைது செய்யப்பட்டார். சிறுமியை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இவை போன்ற நிகழ்ச்சிகள் எழுப்பிய விவாதத்தின் பின்னரே, 2018இல் யூட்டா மாநிலம், தக்க வயதும் அறிவும் உள்ள பிள்ளை தனியே பாடசாலைக்கு நடந்து செல்வதையும் வெளியில் விளையாடுவதையும் பராமரிப்பின்மை எனக் கொள்ளலாகாது என்று சட்டம் இயற்றிற்று.

இலங்கைக் கிராமங்களிற் பத்து வயதுச் சிறுமி தம்பியை இடுப்பிற் சுமந்து கடைக்குச் செல்வதைக் காணலாம். காலிற் செருப்பின்மை, சட்டையிற் கிழிசல், தலையில் எண்ணெயின்மை ஆகியன வறுமையின் அடையாளங்கள். அவற்றைக் கொடுமையின் அடையாளங்களாகக் கொள்ளலாகாது. தம் வழக்கத்துக்கு மாறானது எல்லாம் தவறு என்று எண்ணுபவர், ஏழையின் வீட்டிலேயே எப்போதும் குற்றங் காண்பர். ஆகவே, காண்பவர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய முதற் கேள்வி, இது பிள்ளைக்கு ஆபத்தானதா, அன்றிக் கண்ணுக்குப் பழக்கமில்லாததா என்பதே.

இனி, கடற்கரைக்கு மீள்வோம். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அந்த ஓட்டோ வருகின்றது. மூன்றாம் முறை, அம்மனிதரின் பேச்சிற் குழறல் இருக்கின்றது; மதுவின் நெடி வீசுகின்றது. இளையவன் மணலிற் சிந்திய கச்சானைப் பொறுக்கி உண்கின்றான். அவனது கெண்டைக்காலில், தடியால் அடித்தாற் போன்ற கோடுகள் வரிசையாகத் தெரிகின்றன. சில ஆறியவை, சில புதியவை. அவர் பெயர் சொல்லி அழைத்ததும் சிறுவன் உடல் குறுகி நிற்கின்றான். மூதாட்டி முன்போல் மெல்லப் பேச முயல, “உன்ர வேலையைப் பார்” என்று அவர் சீறுகின்றார்.

முதல் நாளுக்கும் இந்நாளுக்கும் வேறுபாடு உண்டு. அன்று கண்டது ஒரு தவறு. இன்று காண்பது ஒரு தொடர்ச்சி. அன்று நேரிற் சொன்ன சொல் ஏற்கப்பட்டது; இன்று அவ்வழி அடைபட்டது. அன்று பிள்ளையின் உடம்பிற் சான்று ஏதுமில்லை, இன்று இருக்கின்றது. ஆபத்தின் அளவு, அது மீண்டும் மீண்டும் நிகழ்தல், பிள்ளைக்கு வேறு துணை காணப்படாமை ஆகிய மூன்றும் ஒன்றுசேருமிடத்து வாளாவிருத்தல் தகாது. உடம்பிற் கொடுமையின் அடையாளம் தெளிவாகத் தெரியுமாயின், மூன்று ஞாயிறுகள் காத்திருக்கவும் வேண்டுவதில்லை.

வாளாவிருந்தவர்களின் கதையொன்று வரலாற்றில் உள்ளது. நியூயோர்க்கின் நெருக்கமான குடியிருப்பொன்றில், மேரி எலன் என்னும் சிறுமி வளர்ப்புத் தாயால் அடியும் பட்டினியும் அனுபவித்து வந்தாள். அயலார் அவளது அழுகையைக் கேட்டிருந்தனர். இறுதியில், அக்குடியிருப்பிலிருந்த பெண்ணொருத்தி, அப்பகுதியிற் சமூகத் தொண்டு செய்துவந்த எற்றா வீலர் என்பவரிடம் அதனைக் கூறினார். எற்றா வீலர் பல இடங்களில் முயன்றும் பயனின்றி, விலங்குக் கொடுமைத் தடுப்புச் சங்கத்தை 1866இல் நிறுவிய ஹென்றி பேர்க் என்பவரை நாடினார். 1874இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதன் பயனாகவே நியூயோர்க்கிற் சிறுவர் கொடுமைத் தடுப்புச் சங்கம் தோன்றிற்று. சுவருக்கு அப்பாலிருந்து ஒருவர் வாய்திறந்த பின்னரே அவ்வளவும் நிகழ்ந்தது.

அன்று எற்றா வீலர் கதவு கதவாய்த் தட்டவேண்டியிருந்தது. இலங்கையில் இன்று கதவுகள் உள்ளன. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதனை வேண்டுமென்றே துன்புறுத்துவதையும் கவனியாது கைவிடுவதையும் குற்றமாக்கிற்று. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, 18 வயதுக்குட்பட்டோர்க்கு இழைக்கும் கொடுமைக்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. இச்சட்டங்கள் பெற்றோரை மட்டுமன்றிப் பிள்ளை எவர் பொறுப்பில் உள்ளதோ அவர் அனைவரையும் கட்டுப்படுத்துவன. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டது. அதன் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். பொலிஸ் நிலையத்துக்கோ, பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ தெரிவிக்கலாம். உடனடி ஆபத்தாயின் பொலிசாரின் 119 உள்ளது.

கதவு இருந்தும் மூதாட்டி தயங்குகின்றார். அவரது தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. அம்மனிதர் கோபங்கொண்டு கச்சான் தட்டைக் கவிழ்த்துவிட்டால் அவருடைய வயிற்றுப்பாடு போய்விடும். நீதிமன்றப் படியேற நேருமோ என்ற அச்சமும் இருக்கின்றது. தம் கணிப்புத் தவறாயின் ஒரு குடும்பத்தைக் கெடுத்த பழி வருமே என்பது எல்லாவற்றினும் பெரிய அச்சம். தம் பெயரை வெளிப்படுத்த விரும்பாதவர் அதனை அறிவிக்கும்போதே கூறிவிடலாம். பழி பற்றிய அச்சத்துக்கு மறுமொழி, அறிவிப்பவரின் கடமை எதுவென்று அறிவதில் இருக்கின்றது.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. அறிவிப்பவர் தீர்ப்பு வழங்குபவர் அல்லர். விசாரிக்க வேண்டியவரின் காதிற் செய்தியைச் சேர்ப்பவரே. ஆகவே, கண்டதை மட்டும் சொல்லவேண்டும். “அவர் குடிகாரர், கொடியவர்” என்பது தீர்ப்பு. “மூன்று ஞாயிறுகள் இந்தக் கடற்கரைக்கு இத்தனை மணிக்கு வந்தார்; பிள்ளையின் காலில் இவ்வாறான கோடுகள் இருந்தன; ஓட்டோவின் இலக்கம் இது” என்பது செய்தி. கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்பவரின் சொல்லே பயன்படும். பிள்ளையைத் தனியே அழைத்துத் துருவித் துருவிக் கேட்பதும், அம்மனிதரைப் பின்தொடர்ந்து செல்வதும் ஆகா. எல்லாவற்றினும் மேலாக, படம் பிடித்து முகநூலில் இடுதல் கூடாது. அது குற்றமற்றவரையும் ஊர்வாயில் இட்டுவிடும்; குற்றமுடையவரை எச்சரித்துவிடும்; பிள்ளையின் துன்பத்தை ஊரார் வேடிக்கையாக்கிவிடும். பழைய பகையைத் தீர்ப்பதற்காக அறிவிப்பவர், பிள்ளைகளுக்கென வைத்த கதவைத் தாமே கெடுப்பவராவர்.

விசாரணையில் வெளிப்படுவது யாதாகவும் இருக்கலாம். பிள்ளைகளின் தாய் வீட்டுப்பணிக்காகக் குவைத்துக்குச் சென்றிருக்கலாம். இரவிற் கடலுக்குப் போய்ப் பகலிற் பிள்ளைகளைப் பார்க்கும் மாமன், தாங்கமுடியாத பாரத்தை மதுவில் ஆற்றிக்கொண்டு தடியை எடுத்திருக்கலாம். அவ்வாறாயின் அக்குடும்பத்துக்கு வேண்டியது முதலில் உதவி. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி, 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் உடன்படிக்கை, பிள்ளையைக் கொடுமையினின்றும் காக்கவேண்டும் என்று கூறுகின்றது. அதே உடன்படிக்கை, பிள்ளையின் நலனுக்குத் தேவையாயினன்றிப் பெற்றோரிடமிருந்து அதனைப் பிரிக்கலாகாது என்றும் கூறுகின்றது. அல்லது, கடற்கரையிற் கண்டதனினும் கொடியது வீட்டில் நிகழ்ந்திருக்கலாம். இவ்விரண்டுள் எது உண்மை என்பதைக் கச்சான் தட்டின் முன்னிருந்து எவராலும் அறியவியலாது. அறியவியலாது என்பதனாலேயே, அறியக்கூடியவருக்குச் சொல்லவேண்டியதாகின்றது.

அன்று மாலை மூதாட்டி, தம் பேரனின் தொலைபேசியில் 1929ஐ அழைத்து, கண்டதைக் கண்டவாறு கூறுகின்றார். அடுத்த ஞாயிறு அந்த ஓட்டோ வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எவரும் வந்து அவருக்குக் கூறப்போவதில்லை. செய்தது சரியோ என்று அவர் பலநாள் எண்ணிக்கொண்டிருப்பார். அவ்வெண்ணம் எளிதில் நீங்குவதன்று. எனினும், வரிசையாய்க் கோடுகள் விழுந்த அக்காலை அவரையன்றி மற்றோரும் இப்போது பார்த்திருப்பர். காண்பவரால் ஆகக்கூடியது அவ்வளவே. அவ்வளவையும் செய்தவர், தம் கடமையைச் செய்தவராவர்.