மேற்படிக்கு ஒரு பட்டா

கிரயப் பத்திரத்தில் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த இடத்தில் 'மேற்படியார்' என்று முடித்துவிடுவார்கள். ஜிஃப் படங்களைச் சுருக்கும் எல்.இசட்.டபிள்யூ. முறையும் அப்படித்தான். நீல வானத்தைப் பதியும்போது, அடுத்தடுத்து இரண்டு நீலப் புள்ளிகள் வந்ததும் அந்தச் சேர்க்கைக்கு ஒரு புது எண். பிறகு மூன்று நீலத்துக்கு இன்னோர் எண். போகப்போக, நீண்ட வரிசையும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும்.

எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லும் அகராதி கோப்பில் எங்கும் இல்லை என்பதுதான் பேரழகு. படத்தைத் திறக்கும் மென்பொருள், வருகிற எண்களைப் படித்தபடியே, ஓர் அடி மட்டும் பின்தங்கி, அதே அகராதியைத் தானும் கட்டிக்கொள்கிறது.

லெம்பல், ஸிவ் என்ற இரு இஸ்ரேலிய அறிஞர்கள் 1978இல் வெளியிட்ட முறையை டெர்ரி வெல்ச் மெருகேற்றி 1984இல் ஓர் இதழில் எழுதினார். அதை வைத்து 1987இல் கம்ப்யூசெர்வ் நிறுவனம் ஜிஃப்பை உருவாக்கியது. ஆனால் வெல்ச் பணியாற்றிய ஸ்பெர்ரி நிறுவனம் 1983லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1985இல் பெற்றும் இருந்தது. ஸ்பெர்ரி பின்னர் யுனிசிஸில் கலந்தது. ஜிஃப் உலகெங்கும் பரவியபின், 1994 டிசம்பர் இறுதியில், உரிமக் கட்டணம் கேட்கும் செய்தி வந்தது.

விலைக்கு விற்கும் படத்திருத்தி அந்தக் கட்டணத்தை விலையில் ஏற்றிவிடலாம். பெர்க்லி மாணவர்கள் இருவர் 1995இல் தொடங்கிய கிம்ப் என்ற படத்திருத்தி என்ன செய்யும்? அதை யாரும் யாருக்கும் இலவசமாக நகலெடுத்துக் கொடுக்கலாம். எத்தனை நகல் என்று எண்ணுவதற்கே ஆளில்லை. வெல்ச்சின் கட்டுரையைப் பார்க்காமல், தானே யோசித்து அதே கணக்கைக் கண்டுபிடித்தவருக்கும் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இல்லை. இதை அநீதி என்றே நான் சொல்வேன்.

சிலர் படத்தைச் சுருக்காமலே ஜிஃப்பாக எழுதும் நிரலகம் ஒன்றைச் செய்தார்கள். எல்லா மென்பொருளிலும் திறக்கும்; கோப்புதான் ஊதிப்போகும். வேறு சிலர் 1995 ஜனவரியில் கூடிப் புது வடிவம் ஒன்றையே வகுக்கத் தொடங்கினார்கள். காப்புரிமைச் சிக்கலில்லாத டிஃப்ளேட் சுருக்கம், ஜிஃப்பின் 256 நிறங்களுக்குப் பதில் கோடிக்கணக்கான நிறங்கள், படிப்படியான ஒளிபுகுதன்மை. 1996 அக்டோபரில் அது இணையத் தரமாகப் பரிந்துரைக்கப்பட்டது. நாம் தினமும் புழங்கும் பி.என்.ஜி. அதுதான்.

2003 ஜூன் 20 அன்று அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானது. மற்ற நாடுகளில் அடுத்த ஆண்டு. ஊதிப்போன ஜிஃப்களை எழுதிவந்த நிரலகத்துக்கு அதன்பின் வேலை இல்லாமல் போனது.