நறுமண மெழுகுவத்தியும் வீட்டுக் காற்றும்: மெழுகையும் திரியையும் சோதித்தறியும் முறை

நறுமண மெழுகுவத்திகளை வீட்டிலேயே செய்யும் பழக்கம் பரவிவருகிறது. எந்த மெழுகு வழவழப்பாக உறையும், எந்த வாசனை நெடுநேரம் நிற்கும் என்று ஆராயும் அளவுக்கு, எரியும் மெழுகுவத்தி அறைக் காற்றில் எதைக் கலக்கிறது என்று பலரும் ஆராய்வதில்லை. மூடிய அறையில் மூன்று நான்கு மணி நேரம் எரியும் சுடரின் கழிவு முழுவதும் அங்கிருப்போர் சுவாசிக்கும் காற்றிலேயே தங்குவதால், மெழுகையும் திரியையும் பொருத்தி எரித்துப் பார்த்த பின்னரே அவற்றைப் பயன்படுத்துவதும் பரிசளிப்பதும் விற்பதும் முறையாகும்.

சுடரும் புகைக்கரியும்

மெழுகுவத்தியில் எரிவது திட மெழுகன்று. உருகிய மெழுகு திரியின் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே மேலேறி, சுடரின் வெப்பத்தால் ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. திரவம் இவ்வாறு குறுகிய இடைவெளியில் தானாக ஏறுவதை நுண்புழை ஏற்றம் என்பர். சுடரின் மஞ்சள் ஒளி அதனுள் தகதகக்கும் கரித்துகள்களிலிருந்து வருகிறது. போதிய ஆக்சிஜன் கிடைத்தால் அத்துகள்கள் சுடரின் விளிம்பிலேயே எரிந்து தீர்ந்துவிடும், கிடைக்காவிட்டால் புகைக்கரியாக வெளியேறும். திரி தேவைக்கு மேல் தடிமனாக இருந்து மெழுகை மிகுதியாக உறிஞ்சினாலோ, மின்விசிறிக் காற்றில் சுடர் ஆடிக்கொண்டே இருந்தாலோ இத்தகைய அரைகுறை எரிதல் நிகழும்.

புகைக்கரியில் அடங்கும், 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய துகள்கள் நுண்துகள்கள் எனப்படுகின்றன. அவை மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லக்கூடியவை. காற்றில் இவற்றின் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டு அளவாகும். அரைகுறை எரிதலில் கார்பன் மோனாக்சைடும், புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களாக வகைப்படுத்தப்பட்டுள்ள ஃபார்மால்டிஹைடு, பென்சீன் ஆகியவையும் உருவாகலாம். காற்றோட்டமுள்ள அறையில் சீராக எரியும் ஒரு மெழுகுவத்தியால் பெரும்பாலோருக்கு அச்சமில்லை என்றாலும், புகைந்து எரியும் மெழுகுவத்தியை நாள்தோறும் மூடிய அறையில் ஏற்றுவதை அவ்வாறு கருத இயலாது.

மெழுகின் வகைகள்

பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின் மெழுகு ஏறத்தாழ 46 முதல் 68 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு உருகுநிலைகளில் கிடைக்கிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். சோயா எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டிப்படுத்திய சோயா மெழுகு பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டி உருகும். தாவர மெழுகு புகையாது, பாரஃபின் மட்டுமே தீங்கானது என்னும் கருத்து பரவலாக இருந்தாலும், பொருந்தாத திரியைக் கோத்தால் எந்த மெழுகும் புகைக்கரியை வெளியிடவே செய்யும். பொட்டலத்தின் மேலுள்ள ‘இயற்கை’ என்னும் சொல் எரிதலின் தரத்துக்குச் சான்றாகாது.

ஒரு மெழுகுக்குப் பொருந்திய திரி மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. சோயா மெழுகும் தேன்மெழுகும் பாரஃபினைக் காட்டிலும் பொதுவாகத் தடித்த திரியை வேண்டுவதால், மெழுகை மாற்றும்போதெல்லாம் திரியையும் புதிதாகச் சோதிக்க வேண்டும். கோடையில் உருகுநிலை குறைந்த மெழுகு இளகி, அதில் கலந்த நறுமண எண்ணெய் மேற்பரப்பில் துளித்துளியாகக் கசிந்து நிற்பதுண்டு. அதைத் துடைத்தெடுத்த பின்னரே ஏற்ற வேண்டும்.

திரியைத் தேர்தல்

1825-ஆம் ஆண்டு பிரான்சில் கம்பாசெரே என்பவர் பின்னல் திரியை அறிமுகப்படுத்தும் வரை, எரிந்த திரியின் நுனியை அவ்வப்போது கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இறுக்கமாகப் பின்னிய திரி எரியும்போது நுனி வளைந்து, வெப்பம் மிகுந்த சுடரின் விளிம்பைத் தொட்டு, தானே சாம்பலாகிவிடும். பூஜைக்கென விற்கப்படும் பஞ்சுத் திரி எண்ணெய் விளக்குக்காகத் தளர்வாகத் திரிக்கப்பட்டது; அதை மெழுகில் கோத்தால் மெழுகை அளவின்றி உறிஞ்சிப் புகையும்.

நிமிர்ந்து நிற்பதற்காக உலோகக் கம்பியை நடுவில் வைத்துப் பின்னிய திரிகளும் உள்ளன. முன்னர் அக்கம்பி ஈயமாக இருந்ததுண்டு. எரியும்போது ஈயம் காற்றில் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், எடையில் 0.06 விழுக்காட்டுக்கு மேல் ஈயம் கொண்ட உலோகக் கம்பித் திரிகளை அமெரிக்கா 2003-இல் தடைசெய்தது. பெயர் விவரமற்ற கம்பித் திரியின் நுனியைப் பிரித்து வெள்ளைத் தாளில் தேய்க்கும்போது பென்சில் கோடு போன்ற சாம்பல்நிறத் தடம் விழுந்தால் அதை விலக்குவதே நலம். பருத்தியால் மட்டும் பின்னப்பட்ட திரியைத் தேர்ந்தால் இந்த ஐயத்துக்கே இடமில்லை.

நறுமணமும் நிறமும்

100 கிராம் மெழுகுக்கு 6 முதல் 10 கிராம் வரை நறுமண எண்ணெய் கலப்பது பரவலான வழக்கமாயினும், அந்தந்த மெழுகுக்கும் எண்ணெய்க்கும் தயாரிப்பாளர் குறித்துள்ள உச்ச அளவே இறுதியானது. அதற்கு மேல் ஊற்றினால் மணம் கூடுவதற்கு மாறாகத் திரி அடைபட்டுச் சுடர் மங்கும் அல்லது புகை மிகும். எண்ணெயின் ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையான தீப்பற்று நிலையையும் கேட்டறிதல் வேண்டும். வாசனைக்காகக் கற்பூரத்தைக் கரைப்பது எளிதில் தீப்பற்றும் பொருளைச் சூடான மெழுகில் கலப்பதாகும் என்பதால் அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். நிறத்துக்காகக் கிரேயான் துண்டுகளைக் கலந்தால் அவற்றிலுள்ள கரையாத நிறமித் துகள்கள் திரியின் இடைவெளிகளை அடைத்துவிடும்.

எரித்துச் சோதித்தல்

ஒரே மெழுகு, ஒரே நறுமணம், ஒரே அளவுள்ள கண்ணாடிக் குவளை ஆகியவற்றைக் கொண்டு, குவளையின் உள்விட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட திரி ஒன்றிலும், அதைவிட ஓரளவு சிறியதிலும், ஓரளவு பெரியதிலுமாக மூன்று மெழுகுவத்திகளைச் செய்ய வேண்டும். ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்றினால்தான் குறைக்குக் காரணம் எதுவெனத் தெளிவாகும். சோயா மெழுகாயின் உறைந்த பின் ஒன்றிரண்டு வாரங்கள் வைத்திருந்து சோதிப்பது நன்று.

ஒவ்வொரு முறையும் திரியை 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, நான்கு மணி நேரத்துக்கு மிகாமல் எரித்து, முழுவதும் ஆறிய பின் மீண்டும் எரிக்க வேண்டும். உருகிய மெழுகு குவளையின் ஓரத்தை எட்டாமல் நடுவில் மட்டும் குழி விழுந்தால் திரி சிறியது. சுடர் உயர்ந்து துடித்தாலோ, திரியின் நுனியில் காளான் குடைபோல் கரி திரண்டாலோ, குவளையின் வாய்ப்புறத்தில் கருவளையம் படிந்தாலோ திரி பெரியது. குவளையில் ஊற்றிய மெழுகுவத்தியின் சுடர் 75 மில்லிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்பது அமெரிக்கத் தர விதியான ஏ.எஸ்.டி.எம். எஃப்2417 வரையறுக்கும் எல்லை. மெழுகுவத்தி புகைவதை அளப்பதற்கென ஐரோப்பாவில் இ.என். 15426 என்னும் தனித் தரவிதியே உள்ளது.

முதல் நாள் நன்றாக எரிந்ததைக் கண்டு சோதனையை முடித்துவிடலாகாது. மெழுகு குறையக் குறையச் சுடர் குவளையின் ஆழத்துக்கு இறங்கி, அங்கே காற்று குறைந்து வெப்பம் மிகுவதால், தொடக்கத்தில் சீராக எரிந்த அதே திரி கடைசி மூன்றில் ஒரு பங்கில் புகையத் தொடங்கலாம். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு எஞ்சும் வரை எரித்து, நேரம், சுடரின் உயரம், கரிப்படிவு ஆகியவற்றைக் குறித்துவைப்பதே முழுமையான சோதனை. அதற்கு மேலும் எரித்தால் குவளையின் அடிப்பாகம் சூடேறி விரிசல் விடக்கூடும்.

சோதிப்போரின் பாதுகாப்பு

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தினுள் மற்றொரு பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். தீப்பற்றிய மெழுகில் தண்ணீர் ஊற்றினால், அது நொடியில் நீராவியாகி எரியும் மெழுகை நாற்புறமும் வீசியடிக்கும் என்பதால், அடுப்பை அணைத்து மூடியால் மூடுவதே சரியான வழி. சூடான மெழுகு தோலில் பட்டால் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், ஒட்டிக்கொண்டதை உரித்தெடுக்கலாகாது. சன்னலைத் திறந்து வைத்து, காற்று நேராகச் சுடரில் படாத இடத்தில் சோதிக்க வேண்டும். ஊதி அணைக்கும்போது எழும் வெண்புகையில் எரியாத மெழுகுத் துகள்கள் நிறைந்திருப்பதால், திரியை உருகிய மெழுகில் அமிழ்த்தி உடனே நிமிர்த்துவது நல்லது.

எச்சரிக்கை தேவைப்படுவோர்

ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோர் இருக்கும் அறையில் நறுமண மெழுகுவத்தியைத் தவிர்ப்பது நலம். புகையே எழாதபோதும் நறுமணச் சேர்மங்கள் மட்டுமே சிலருக்குத் தலைவலி, தும்மல், கண்ணெரிச்சல், மூச்சிரைப்பு ஆகியவற்றைத் தூண்டலாம்; அவ்வாறு நேர்ந்தால் மெழுகுவத்தியை அணைத்து, காற்றோட்டமுள்ள இடத்துக்குச் சென்று, மூச்சிரைப்பு தணியாவிட்டால் மருத்துவரை நாட வேண்டும். செய்து விற்போர் மெழுகு, திரி, நறுமணம் ஆகியவற்றின் விவரத்தையும், நான்கு மணி நேர வரம்பையும், திரியை வெட்ட வேண்டிய அளவையும் குவளையில் ஒட்டித் தருவது, வாங்குவோரின் நுரையீரலுக்கு அவர்கள் ஆற்ற வேண்டிய கடமையாகும்.