பழைய விளையாட்டுப் பெட்டியும் மங்கிய படமும்

பரண்மேலிருந்து இறக்கிய பழைய டி.வி. விளையாட்டுப் பெட்டியை இன்றைய தட்டைத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்ப்பவர்கள் முதலில் அடைவது ஏமாற்றமே. வண்ணங்கள் கோட்டைத் தாண்டி வழிந்து நிற்கும். எழுத்துகள் கரைந்து தோன்றும். சில வேளை படம் கறுப்பு வெள்ளையாகவே வரும். ‘பெட்டியின் ஆயுள் முடிந்தது’ என்று கருதிப் பழைய சாமான் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிடுவோரும் உண்டு. அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூற வேண்டுவதில்லை. பல வேளைகளில் குறை பெட்டியில் இல்லை. பெட்டியிலிருந்து திரைக்குப் படம் செல்லும் வழியிலேயே இருக்கின்றது.

எடுத்துக்காட்டாக ஒரு பெட்டியைக் கொள்வோம். நின்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் என்பது அது. அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள் 1990-களில் நம் நாட்டுக் கடைவீதிகளில் மலிந்து கிடந்தன. இப்பெட்டி தரும் படம் அகலத்தில் 256 புள்ளிகளும் உயரத்தில் 240 வரிகளும் கொண்டது. விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை அப்படம் புதிதாக வரையப்படும்.

அக்காலத்துத் தொலைக்காட்சியோ ஒரு முழுப் படத்தை இரு பாதிகளாக வரைவது; முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். விளையாட்டுப் பெட்டி அந்த முறையைச் சற்றே ஏய்த்து, ஒவ்வொரு முறையும் ஒரே வரிகளின்மீதே படத்தை வரைந்தது. படக்குழாய் அதைத் தடையின்றி ஏற்றுக்கொண்டது. இன்றைய தட்டைத் திரையுள் பல அவ்வாறு ஏற்பதில்லை. வந்தது முழுப்படம் என்பதை உணராமல், பாதிப் படம் என்று எண்ணி, அடுத்து வரும் படத்தோடு அதைப் பின்னிவிடுகின்றன. ஓடும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்போல் தெரிவதும், அடிபட்டு மினுக்க வேண்டிய வீரன் ஒரேயடியாக மறைந்து போவதும் இக்காரணத்தால்தான்.

இனி வழிக்கு வருவோம். ஃபாமிகாம் தன் படத்தை வானலையாக மாற்றி, ஏரியல் கம்பி நுழையும் துளை வழியே அனுப்புவது. ஜப்பானின் 1, 2 எண்ணுள்ள தொலைக்காட்சி அலைவரிசைகளே அதற்கு உரியவை. அவை 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடம். வானொலி கேட்கும் அன்பர்களுக்கு இது பழகிய இடமே. நம் நகரங்களின் எஃப்.எம். நிலையங்கள் ஒலிப்பது அங்கேதான் அன்றோ? ஆகவே படத்தில் வலைபோன்ற கோடுகள் ஓடினால் அவை அயலிலுள்ள வானொலி நிலையத்தின் கைவரிசையாகவும் இருக்கலாம். மேலும், ஜப்பானிய முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடையே உள்ள தொலைவு 4.5 மெகாஹெர்ட்ஸ், நம் நாட்டு முறையில் அது 5.5. படம் வந்தும் ஒலி வராமைக்கு இதுவே காரணம்.

வண்ணத்திலும் இத்தகைய வேற்றுமை உண்டு. ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. முறையைக் கொண்டன, இந்தியா கொண்டது பால் முறை. முன்னதை அறியாத தொலைக்காட்சியில் படம் வண்ணமிழந்து நிற்கும், அல்லது மேலும் கீழுமாக உருளும். அண்மைக் காலப் பெட்டிகளுள் பல இரண்டையும் ஏற்பவை. தாமாகக் கண்டுகொள்ளாவிட்டால் அமைப்புப் பட்டியலில் நாமே என்.டி.எஸ்.சி. என்று குறித்துவிடலாம்.

ஏரியல் துளையை விட்டு மஞ்சள் முனையுள்ள ஏ.வி. கம்பிக்கு மாறினாலே படம் வெகுவாகத் தெளியும். நகல் பெட்டிகளுள் பலவற்றில் அத்துளை உண்டு. முதற் ஃபாமிகாமில் இல்லை. ஆயினும் வானலையாக மாறுமுன்னரே படத்தை எடுத்துச் சிறு டிரான்சிஸ்டர் சுற்றின் வழியே வெளியே கொணர்வது சால்டரிங் தெரிந்தவருக்கு அரிதன்று. மஞ்சள் கம்பிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து செல்வதால் சிவப்பு நிறம் சற்றே கசியத்தான் செய்யும். 1988-இல் வந்த சேகா மெகா டிரைவ் வைத்திருப்போர் இதில் பேறு பெற்றவர்கள். அதன் பின்புறத் துளையிலேயே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே கிடைக்கின்றன.

தட்டைத் திரையின் பிழையைத் திருத்துவதற்கென்றே இடையில் வைக்கும் கருவிகள் இருக்கின்றன. ரெட்ரோடிங்க், ஓ.எஸ்.எஸ்.சி. என்பன அவற்றுள் பெயர் பெற்றவை. 240 வரிகளை உள்ளவாறே உணர்ந்து, ஒவ்வொன்றையும் இரட்டித்துத் தருவதே அவற்றின் வேலை. ஓ.எஸ்.எஸ்.சி. மஞ்சள் கம்பியை ஏற்காது என்பதை வாங்குமுன் நினைவிற் கொள்க. கடையில் மலிவாகக் கிடைக்கும் எச்.டி.எம்.ஐ. மாற்றிகளுள் பல, தொலைக்காட்சி செய்யும் அதே பிழையைத் தாமும் செய்பவை, பணம்தான் வீண். செலவே இல்லாத இரு திருத்தங்களும் உள. படத்தின் வடிவை 4:3 என்று வைத்தல் ஒன்று. ‘கேம் மோடு’ அமைத்தல் மற்றொன்று. பின்னதால் பொத்தானை அழுத்துவதற்கும் உருவம் குதிப்பதற்கும் இடையிலுள்ள தாமதம் குறையும்.

படத்தின் குறுக்கே அகன்ற பட்டை மெல்ல ஏறி இறங்கினால் மின்வழியை ஐயுறுக. அடாப்டரிலோ பெட்டியினுள்ளோ இருக்கும் மின்தேக்கி உலர்ந்திருக்கக்கூடும். இங்கே ஓர் எச்சரிக்கை மிக இன்றியமையாதது. ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துபோம். அதுவுமன்றி, அமெரிக்க நின்டெண்டோவின் அடாப்டர் வெளியிடுவது 9 வோல்ட் ஏ.சி.; ஃபாமிகாமுக்கு வேண்டுவதோ 10 வோல்ட் டி.சி., அதிலும் முனையின் நடுப்பகுதி எதிர்மின்னாக இருத்தல் வேண்டும். ஒன்றை மற்றொன்றிற் செருகிப் பெட்டியை இழந்தவர்கள் உண்டு.

படம் கட்டங்கட்டமாகச் சிதறினால் குறை கார்ட்ரிட்ஜின் பல்வரிசையில். வாயால் ஊதுவது பலருக்கு இளமைப் பழக்கம். மூச்சின் ஈரம் செம்பை அரிக்குமாதலால் அது தகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்கு உலர்ந்த பின் செருகுக. உருவங்கள் பல ஒரே வரிசையில் கூடும்போது சில மினுக்குகின்றனவா? அது பழுதே அன்று. ஒரு வரியில் 8 உருவங்களுக்கு மேல் வரைய ஃபாமிகாமுக்கு இயலாது; அதனால் விளையாட்டை அமைத்தவர்கள் முறைவைத்துக் காட்டினார்கள்.

கம்பிகளும் மின்தேக்கிகளும் தில்லியில் லஜபத்ராய் மார்க்கெட்டிலும், மும்பையில் லாமிங்டன் சாலையிலும், பெங்களூரில் எஸ்.பி. சாலையிலும் தேடிப் பெறத்தக்கவை. வீட்டில் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி இன்னும் இருக்குமாயின் முதலில் அதில் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் தெளிவாக வந்தால் விளையாட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. அத்தொலைக்காட்சியின் முதுகை மட்டும் எக்காரணங் கொண்டும் கழற்றற்க. அணைத்த பின்னரும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கும்.