சுட்டாலும் விழாத வாத்து!

மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் பரணை ஒழித்தால் பழைய "டி.வி. கேம்" பெட்டி அகப்படுவது உண்டு. கூடவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி.

1990-களில் லீவு விட்டால் தெருப் பிள்ளைகளை எல்லாம் ஒரே கூடத்தில் அடைத்துப் போட்டது இதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது. ஆசையாகத் தூசு தட்டி, புது டி.வி.யில் மாட்டுகிறார்கள். மரியோ ஓடுகிறான். காண்ட்ராவும் ஓடுகிறது.

வாத்து மட்டும் விழ மாட்டேன் என்கிறது!

குற்றவாளி யார்?

துப்பாக்கி மேல் தப்பு இல்லை. டி.வி.தான் குற்றவாளி.

இது ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1984-ல் கொண்டுவந்த "டக் ஹன்ட்". துப்பாக்கியிலிருந்து எதுவும் பாயாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். அதைத் துப்பாக்கிக்குள் இருக்கும் "கண்" பார்த்துவிட்டால் வாத்து காலி. தட்டை டி.வி. படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுகிறது. கண் ஏமாந்துவிடுகிறது.

"செல்போனிலேயே பழைய கேம் எல்லாம் வருதே" என்பார்கள். வருது. "இப்ப என் சான்ஸ்டா" என்று பக்கத்தில் இருந்து பிடுங்க ஆள் வேண்டாமா?

இலவச டி.வி. இருக்கா?

2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல கலர் டி.வி., பழைய டியூப் டி.வி.தான். மூலையில் கிடந்தால் காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். வயரை ஏரியல் ஓட்டையில் சொருகினாலும் படம் வரும். சேனலைத்தான் பொறுமையாகத் தேடணும்.