வரைபடத்தில் பூங்கா, தரையில் கொட்டகை

மனை விற்கும்போது காட்டும் வரைபடத்தில் பச்சைக் கட்டம் ஒன்று இருக்கும். 'பூங்கா' என்று எழுதியிருக்கும். பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அங்கே தகரக் கொட்டகை நிற்கும், அல்லது மாடி வீடே எழும்பியிருக்கும். இப்படிப் பொதுப் பயனுக்கு ஒதுக்கிய இடத்துக்கு 'ரிசர்வ் சைட்' என்று பெயர். கோயம்புத்தூர்க்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வரும்.

பூங்காவும் சாலையும் தானப் பத்திரம் வழியாக உள்ளாட்சிக்குச் சேர்கின்றன. ஆனால் பட்டா மாற்றாமல் விட்டுவிடுவதுண்டு. வருவாய்ப் பதிவேட்டில் பழைய உரிமையாளரின் பெயரே நிற்கும். அதைக் காட்டி வாரிசுகள் இன்னொருவருக்கு விற்க வழி கிடைக்கும். ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் அமைப்பின் உண்மையான பயன் இங்கேதான். மனைப்பிரிவு ஒப்புதல், தானப் பத்திர எண், உட்பிரிவு எண், பட்டா நான்கையும் ஒரே இடத்தோடு கோத்துவிட்டால், எங்கே பத்திரம் இருந்தும் பட்டா இல்லை என்பது திரையிலேயே தெரிந்துவிடும்.

அதற்காக அந்தத் திரையை அப்படியே நம்பிவிடக் கூடாது. நம் புலப்படங்களில் மீட்டர் அளவுகள் உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. அவற்றைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது கோடு நகரும். கைப்பேசி ஜி.பி.எஸ்.ஸும் சில மீட்டர் தவறும். பத்தடிச் சந்தின் அகலமே மூன்று மீட்டர்தான்! எல்லையைச் சொல்ல வேண்டியவர் சர்வேயர்.

உங்கள் பட்டா நிலம் வரைபடத்தில் புறம்போக்கு என்று காட்டப்பட்டால், பட்டா, 'அ' பதிவேடு, புலப்பட நகல்களை அரசின் இ-சேவைத் தளத்தில் எடுத்து, மறு அளவீடு கேட்டு வட்டாட்சியருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். ஆக்கிரமிப்பாகவே இருந்தாலும் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி முதலில் நோட்டீஸ் தந்தாக வேண்டும். 'சாட்டிலைட்டில் தெரிகிறது' என்பது நோட்டீஸ் ஆகாது.

பொது நிலம் பறிபோயிருந்தால் 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னது துணைக்கு வரும்: நெடுநாள் குடியிருப்பதும் பெரும் பணம் போட்டுக் கட்டியதும் கிராமப் பொது நிலத்தில் ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் காரணமாகாது.

ஊராட்சி என்றால் கிராம சபையில் எழுப்பலாம். எங்கிருந்தாலும் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம்; 30 நாளில் பதில் வர வேண்டும். 'எங்கள் தெருப் பூங்கா' என்று கேட்டால் மழுப்பிவிடுவார்கள். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு இரண்டே கேள்வி: தானப் பத்திர எண் என்ன? இன்று பட்டா யார் பெயரில் இருக்கிறது? இரண்டாவது தங்களிடம் இல்லை என்று உள்ளாட்சி அலுவலகம் கைவிரிக்க முடியாது. 5 நாளுக்குள் மனுவை உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.