மலை காத்த இராச்சியம் ஏன் விழுந்தது?

கையடக்கத் தொலைபேசியில் போர் விளையாட்டு விளையாடும் நம் மாணவர்களுக்கு ஒரு கணக்கு அத்துப்படி. நிலம் கூடினால் தங்கம் கூடும். தங்கம் கூடினால் படை கூடும். பெரும் படை வைத்திருப்பவனே வெல்வான். நிஜத்தில் இந்தக் கணக்கு சரிவருமா? விடை தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள இந்த மலைகளும் ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்துக்குள்தான் இருந்தன.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவரிடமும் கப்பலும் பீரங்கியும் பணமும் இருந்தன. ஆயினும் 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொருவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகரைப் பிடித்தார்கள். அங்கே நிலைக்க முடியவில்லை. 1803இல் ஆங்கிலேயரும் பிடித்தார்கள். சில மாதங்களில் அவர்களது காவற்படை சரணடைந்து அழிந்தது.

காரணம் எளிது. படை வரும்போது மன்னர் நகரைக் காலி செய்துவிட்டுக் காட்டுக்குள் ஒதுங்கிவிடுவார். ஒற்றையடிப் பாதைகளை மறித்தால் கரையிலிருந்து உணவு வராது. மழையும் காய்ச்சலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நகரைப் பிடிப்பது வேறு, பிடித்த படைக்குச் சோறு அனுப்புவது வேறு.

கண்டிக்கும் ஒரு பலவீனம் இருந்தது. மலைநாட்டில் நெல் விளைந்தது, உப்பு விளையவில்லை. உப்பு, கருவாடு, துணி எல்லாம் கரையிலிருந்தே வரவேண்டும். தவள மாடுகளில் அவற்றை ஏற்றிவந்து, பாக்கை இறக்கிச் சென்ற வணிகத்தில் நமது முன்னோருக்குப் பெரும் பங்குண்டு. 1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைச் செனரத் மன்னர் கிழக்கில் குடியமர்த்தினார். அடைக்கலம் கொடுத்த மன்னருக்கும் அதனால் பலன் கிடைத்தது. ஆனால் 1766 ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கண்டிக்குச் சொந்தத் துறைமுகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்போதும் இராச்சியம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 1814இல் எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார். மற்றப் பிரதானிகளும் மன்னரைக் கைவிட்டார்கள். 1815 பெப்ரவரியில் பெரிய சண்டை எதுவுமின்றிக் கண்டி விழுந்தது. மலைகளின் உயரம் குறையவில்லை. உள்ளே இருந்த ஒற்றுமைதான் குறைந்திருந்தது. பிடித்த மலையைக் கைநழுவ விடாதிருக்க, ஆங்கிலேயர் 1820களில் கொழும்பு - கண்டி வீதியை அமைத்தார்கள். அதே வழியால்தான் பின்னர் கோப்பி இறங்கியது.

2022ஐ நினைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் கடல், சொந்தத் துறைமுகங்கள், ஏற்றுமதிக்குத் தேயிலை, எல்லாம் நம்மிடம் இருந்தன. ஆனாலும் டொலர் இல்லாமல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றோம். அன்று கண்டிக்கு உப்பு, இன்று நமக்கு எரிபொருள்.

எனவே ஒரு நாட்டின் பலத்தை அளக்க வரைபடத்தில் பரப்பளவைப் பார்த்தால் போதாது. தேவையான பொருள் எந்த வழியால் வருகிறது, அந்த வழி யார் கையில் இருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்புகிறார்களா என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். ஓர் இனத்தை அந்நியராகப் பார்க்கும் நாடு மூன்றாவது கேள்வியில் தானே தோற்றுப்போகிறது. விளையாட்டில் தோற்றால் மீண்டும் ஆரம்பிக்கலாம். நாட்டுக்கு அந்த வசதி இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.